எல்லாம் பச்சையாக இருந்த வீடு

என் வேலை கதை எழுதுவது என்று சொன்னால் திருச்சியில் இருக்கும் என் அண்ணன் இன்றைக்கும் சிரிப்பார். கம்ப்யூட்டர் படித்தவள், மெல்பனில் கம்பெனியில் சம்பளம் வாங்கியவள், அவளுக்கு என்ன கதை வேண்டிக்கிடக்கிறது என்பார். ஆனால் என் பணிக்காலத்தின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் நான் அதைத்தான் செய்தேன். இன்னும் வராத ஒரு நாளில், இன்னும் கட்டாத ஒரு வீட்டில், யாரோ ஒருவர் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்வார் என்று எழுத வேண்டும். இன்ஜினியர்கள் அதைப் படித்துவிட்டு அந்த வீட்டுக்கு வேண்டிய கருவிகளைச் செய்வார்கள்.

போன மாதம் என் பழைய குழுவிலிருந்து ஒரு பெண் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள். "முழுக்க இணைக்கப்பட்ட ஒரு நாள்" என்று ஒரு கதை எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். வீடு, கார், கைக்கடிகாரம், மருந்துப் பெட்டி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் நாள். 'உங்கள் கதைகளைத்தான் இன்னும் மாதிரியாக வைத்திருக்கிறோம். எப்படி எழுதினீர்கள் என்று சொல்வீர்களா?' என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். எழுதி முடித்ததும் அது பாதிப் பதில்தான் என்று தோன்றியது. என் கதை ஒன்று நிஜமானபோது என்ன நடந்தது என்பது மீதிப் பாதி. அதைத் தமிழில்தான் சொல்ல வருகிறது, ஏனென்றால் நடந்தது தமிழில். இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் சென்னையில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி, கணவரோடு இங்கே வந்து, முதல் சில வருடங்கள் தொலைபேசி பில் போடும் மென்பொருளில் ஓடின. பிறகு வாடிக்கையாளர்களிடம் போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிவரும் வேலை. அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. என்ன வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் விடாமல் சொல்வார்கள். நான் அப்படி எழுதிக்கொண்டுவந்த அறிக்கைகளைப் பார்த்துவிட்டுத்தான் ஹெலன் என்னைத் தன் குழுவுக்குக் கேட்டு வாங்கினார்.

ஹெலன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எழுதியதைக் கம்ப்யூட்டரில் அனுப்பினால் படிக்கமாட்டார். அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் எழுந்து ஜன்னலோரம் நின்றுகொண்டு, எழுதியவளை எதிரே நிற்கவைத்து, சத்தமாக வாசிப்பார். கையில் ஒரு பென்சில் இருக்கும். கதையில் வருகிறவருக்கு ஒரு பெயரும் வயதும் வேண்டும், உடம்பில் ஏதாவது ஒரு உபாதை வேண்டும். கண் விழிப்பதில் கதை தொடங்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்திலும் யாராவது எதையாவது செய்ய வேண்டும். உணர்ந்தாள், மகிழ்ந்தாள், ஏங்கினாள் என்று எழுதினால் பென்சில் அங்கே நின்றுவிடும்.

"விஜயா, மகிழ்ச்சியை என்னால் தயாரிக்க முடியாது. கதவு திறப்பதைத் தயாரிக்க முடியும். அவர் கதவைத் திறக்கிறாரா?"

"திறக்கிறார்."

"அப்போ அதை எழுது. அப்புறம் அவர் என்ன செய்கிறார்?"

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் ஒரு நாளில் பல தடவை கேட்பார். அப்புறம் என்ன செய்கிறார், அப்புறம் என்ன செய்கிறார் என்று கேட்டுக் கேட்டு, கதையில் வருகிற ஆளை அவர் படுக்கையில் படுக்கும்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் பிடிக்கும். எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் நான் எழுதியதை முழுவதும் வாசித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் எழுதியவற்றில் பேர்பெற்றது தனியாக வாழும் ஒரு முதியவரின் கதை. அவர் காலையில் எழுகிறார். நடையில் அவர் நடப்பதைச் சுவரில் இருக்கும் சின்னக் கருவி பார்க்கிறது. ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுக்கிறார். கெட்டிலைப் போடுகிறார். வீட்டில் கேமரா எதுவும் கிடையாது, யாரும் அவரைப் படம் பிடிக்கவில்லை. ஆனால் வேறொரு நகரத்தில் ரயிலில் போய்க்கொண்டிருக்கும் மகளின் போனில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றுகிறது. அப்பா எழுந்துவிட்டார், எல்லாம் சரி. 'அவள் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தன் வேலையைத் தொடர்கிறாள்' என்று முடித்திருந்தேன்.

ஹெலனின் பென்சில் 'நிம்மதியாக' என்ற சொல்லை மட்டும் அடித்தது. மீதியை அப்படியே விட்டார். இன்ஜினியர்கள் அதை வாசித்துவிட்டுக் கை தட்டினார்கள். அடுத்த வருடமே சில வீடுகளில் செய்து பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. அவற்றில் ஒன்று தமிழ் வீடாக இருக்கட்டும் என்றார் ஹெலன், மொழி தெரிந்தவள் நான் இருக்கிறேனே என்று.

அப்படிக் கிடைத்த வீடுதான் மெல்பனின் வடக்கு ஓரத்தில், கிரெய்கிபர்னில் மரியநாயகம் அவர்களுடையது. இலங்கையில், மன்னாரில் கடலுக்குப் போகிறவர்களின் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். சண்டைக் காலத்தில் மனைவியோடும் மகனோடும் கிளம்பி, எங்கெங்கோ இருந்துவிட்டு மெல்பன் வந்து, ஓய்வு பெறும்வரை கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். மகன் ஜூட் சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் குடும்பத்தோடு இருந்தார்; ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் ஷிஃப்ட் வேலை. அப்பாவைத் தன்னோடு வரச் சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் எங்கள் திட்டத்தில் அவரைச் சேர்த்துவிட்டவர் ஜூட்தான்.

எங்கள் ஆட்கள் போய்க் கருவிகளைப் பொருத்தினார்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று, கெட்டிலின் பிளக்கில் ஒன்று, நடையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. சமையலறைச் சுவரில் புத்தக அளவுக்கு ஒரு திரை. அதில் வரும் தமிழ் வாசகங்களை நான் எழுதினேன். ஏற்பாடு இதுதான்: காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஃப்ரிட்ஜும் திறக்கவில்லை, கெட்டிலும் போடவில்லை என்றால் திரை 'நலமா?' என்று கேட்டு மணி அடிக்கும். அவர் அதைத் தொட்டால் பச்சை. தொடாவிட்டால் மகனின் போனில் மஞ்சள். மகன் கூப்பிட்டு, அவர் எடுக்காவிட்டால் சிவப்பு. ஆம்புலன்ஸுக்குத் தகவல் போய்விடும்.

முதல் சில மாதங்கள் எங்கள் வீடுகளிலேயே நல்ல வீடு அதுதான். தினமும் ஒரே நேரத்தில் பச்சை. பிறகு மஞ்சள் வர ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒன்று, அப்புறம் இரண்டு. ஒவ்வொரு தடவையும் மகன் கூப்பிடுவார், உடனே அவர் எடுத்துவிடுவார், எதுவும் ஆகியிருக்காது. கருவியில் கோளாறா, அவருக்குக் காது மந்தமாகிறதா, மறதியா? ஹெலன் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார்.

குளிர்காலக் காலை அது. நான் போகிறேன் என்று அவரிடம் முன்பே சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் வழக்கமான நாளைப் பார்க்க முடியாது. காரை நிறுத்தியதும் ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும், மணி அடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார். நெடிய உருவம், தடித்த விரல்கள், கம்பளித் தொப்பி. நான் யார் என்று சொன்னேன்.

"தமிழ்ப் பிள்ளையே! வாங்கோ, வாங்கோ. இந்தியாவோ?"

"ஆமா அங்கிள். திருச்சி."

"உங்கட தமிழ்தானா உந்தத் திரையில வாறது? சமையலறை எண்டு போட்டிருக்குது. நான் குசினி எண்டு ஒருக்காத் திருத்தலாமெண்டா அது விடுகுதில்லை." சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். "இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே?"

அன்றைக்கு மஞ்சள் வந்த நாள். காலையில் மகன் கூப்பிட்டுப் பேசிவிட்டிருந்தார். நான் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக வேலை செய்தன. என் முதுகுக்குப் பின்னால் அவர் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். நான் "ம்" கொட்டிக்கொண்டே ஃப்ரிட்ஜ் கதவின் விளிம்பைச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் அடுப்பில் ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கெட்டில் சும்மா இருந்தது. பிறகு பின்கதவைத் திறந்து வெளியே போனார். அங்கே மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஐஸ் போட்டு எடுத்துப்போகும் பெரிய நீலப் பெட்டி ஒன்று இருந்தது. அதைத் திறந்து பால் புட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பெட்டிக்குள் ரொட்டி, பட்டர், முட்டை எல்லாம் இருந்ததை நான் வாசலிலிருந்தே பார்த்துவிட்டேன்.

நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். தேநீரை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கம்பனிக்குச் சொல்லுவியள் என்ன?"

"சொல்லணுமே அங்கிள். அதுக்குத்தான் அனுப்பியிருக்காங்க."

"ஓம், அது உங்கட வேலை. சொல்லுங்கோ. மகனுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"ஏன் இப்படிப் பண்றீங்க?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "முந்தி அவன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுப்பான். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, குளிருக்குச் சொக்ஸ் போட்டீங்களோ, இதுதான் கதை. வேற ஒண்டுமில்லை. உதெல்லாம் சுவரில பூட்டினாப் பிறகு அவனுக்கு எல்லாம் தெரியும். நான் எழும்பினது தெரியும், தேத்தண்ணி போட்டது தெரியும், குளிச்சது தெரியும். பிறகு என்னத்தைக் கேக்கிறது? எடுக்கிறது குறைஞ்சு, இப்ப ஞாயிற்றுக்கிழமையில ஒருக்கா. அதுவும் பிள்ளையளைக் காரில வைச்சுக்கொண்டு."

"நீங்களே கூப்பிடலாமே?"

"வேலையில நிக்கிறவனுக்கு நான் எடுத்துக் கரைச்சல் குடுக்கிறதோ?" கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன் போல என்னைப் பார்த்தார். "அவனா எடுத்தா அது வேற, பிள்ளை."

ஃப்ரிட்ஜையும் கெட்டிலையும் தொடாமல், திரையின் மணிக்கும் அசையாமல் இருந்தால் மஞ்சள் வரும். வந்தால் மகன் வேலையை விட்டுவிட்டுப் பதறிக்கொண்டு கூப்பிடுவார். இவர் 'நித்திரையாப் போனன் மகன்' என்பார். மகனுக்குப் போன உயிர் திரும்பி வரும். அந்த நிம்மதியில் ஐந்தாறு நிமிடம் பேசுவார். அதற்காகத்தான் குளிரில் பின்கதவைத் திறந்துகொண்டு போய்வந்துகொண்டிருந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதிப்படி, கருவிகளை ஏமாற்றுகிறவரைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஹெலன் அப்படிச் செய்யவில்லை. வழக்கம்போல ஜன்னலோரம் நின்று கேட்டார். அந்த நீலப் பெட்டியின் பேச்சு வந்ததும் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அம்மா அடிலெய்டில் தனியாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும். வெளியே பார்த்தபடி சொன்னார்.

"அவருக்கு வேண்டியது மகன் கூப்பிடுவது. ஆனால் அவர் கேட்கமாட்டார்."

"ஆமாம்."

"அப்போ கேட்காமல் கேட்பதற்கு ஒரு வழி செய்வோம்."

அப்படித்தான் அந்தப் பொத்தான் பிறந்தது. அதில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. திரையின் ஓரத்தில் பெரிதாக ஒரு பொத்தான். தொட்டால் மகனின் போனுக்கு ஒரு குறிப்பு போகும்: 'அப்பா கதைக்க விரும்புகிறார். அவசரமில்லை.' போன் மணி அடிக்காது, யாருக்கும் தொந்தரவில்லை. அந்த 'அவசரமில்லை' என் யோசனை. அவருடைய கௌரவத்துக்கு அது வேண்டும் என்று நினைத்தேன். இந்தத் தடவை 'கதைக்க' என்றே எழுதினேன், 'பேச' என்று எழுதவில்லை.

மகன் பக்கத்துக்கும் ஏதாவது வேண்டும் என்றார்கள் வடிவமைப்பாளர்கள். ஷிஃப்டில் நிற்கிறவர் உடனே கூப்பிட முடியாது. பார்த்துவிட்டார் என்று அப்பாவுக்குத் தெரியவாவது வேண்டும். அதனால் மூன்று பதில்கள் வைத்தார்கள். 'இப்போது எடுக்கிறேன்', 'பிறகு எடுக்கிறேன்', மூன்றாவதாக ஒரு சின்ன இதயம். எதைத் தொட்டாலும் அது அப்பாவின் திரையில் வந்துவிடும்.

முதல் தடவை பொத்தானைத் தொட்டபோது ஜூட் உடனே கூப்பிட்டார். இரண்டாம் தடவையும். பிறகு 'பிறகு எடுக்கிறேன்' வந்தது. அன்று மாலை கூப்பிட்டார். பிறகு அதே பதில் வந்தது, ஆனால் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு இதயங்கள் வர ஆரம்பித்தன. எங்கள் அறிக்கையில் இது பிரமாதமாக இருந்தது. குறிப்பு போனதும் நிமிடத்துக்குள் பதில். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். இதயம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

பொத்தானின் வாசகம் சரியாகப் புரிகிறதா என்று கேட்க இரண்டாவது தடவை போனேன். அவர் சமையலறையில் என்னை உட்காரவைத்துவிட்டுத் திரையைக் காட்டினார். சிவப்பாக ஓர் இதயம், அதன் கீழே 'மகன் பார்த்தார்' என்று என் தமிழ்.

"இதென்ன பிள்ளை, இருதயமோ?"

"ஆமா அங்கிள். உங்க குறிப்பைப் பாத்துட்டாரு, உங்க மேல பிரியமா இருக்காருன்னு அர்த்தம்."

"ஓ." கிட்டே போய் அதைப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு."

எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பால் எடுத்தார். கெட்டிலைப் போட்டார். பின்வாசலில் அந்த நீலப் பெட்டியைக் காணவில்லை. நான் அங்கே பார்த்ததைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்.

"இனி அந்த விளையாட்டு விளையாடேலாது. கேக்கிறதுக்கு ஒரு வழி வைச்சுத் தந்திட்டியள். வழி இருக்கேக்க களவு செய்தா அது சரியில்லைத்தானே."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்கிறவரைப் போலத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தார். நான் எழுத்தின் அளவு போதுமா, கண்ணாடி இல்லாமல் தெரிகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது ஹியூம் நெடுஞ்சாலையில் பாதி வழி வந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. மகனைக் கூப்பிடவைக்க அவருக்கு இருந்த ஒரே வழியை எங்கள் பொத்தான் அடைத்துவிட்டது.

அந்த மாதத்துக்குப் பிறகு அவர் பொத்தானைத் தொடவில்லை. மஞ்சளும் வரவில்லை. மறுபடியும் எங்கள் வீடுகளிலேயே நல்ல வீடு அதுவாயிற்று. நான் ஹெலனிடம் போய்ச் சொன்னேன், அவர் பொத்தானை விட்டுவிட்டார் என்று. ஹெலன், "அப்புறம் அவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எழுகிறார், பால் எடுக்கிறார், தேநீர் போடுகிறார். அதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஹெலன் தலையை ஆட்டினார். அவருக்கும் மனம் சரியில்லை என்று அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. ஆனால் அந்த வாரம் பெரிய முதியோர் பராமரிப்பு நிறுவனம் ஒன்று எங்கள் திட்டத்தை வாங்கப் பார்க்க வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் பொத்தானைத் தொடவில்லை என்பது அந்தப் பேச்சில் எங்கே நிற்கும்?

திட்டம் முடியும்போது குடும்பத்தாரிடம் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருந்தன. ஜூட்டிடம் நான்தான் கேட்டேன். மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு பேசினார். பின்னால் தள்ளுவண்டிகளின் சத்தம் கேட்டது. அப்பாவின் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தது.

"அப்பாவைப் பத்தின கவலை குறைஞ்சிருக்கா?" இதுதான் முதல் கேள்வி.

"ஓம் அக்கா. ஹண்ட்ரட் பெர்சென்ட். முந்தி ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிஞ்சு காருக்கு வந்தவுடனே அடிப்பன். மணி போகும், போகும், அவர் எடுக்கிற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும். விழுந்திருப்பாரோ, கேஸை அணைக்காம விட்டிட்டாரோ எண்டு. இப்ப அதில்லை. பச்சை எண்டா பச்சை."

"நல்லது" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தேன். அவர் முடிக்கவில்லை.

"ஆனா ஒண்டு அக்கா. இது உங்கட ஃபோர்ம்ல இருக்கோ தெரியாது. நான் பயத்திலதான் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறன். பயம் போனாப் பிறகு போனை எடுத்தா, அவரோட என்ன கதைக்கிறது எண்டே தெரியேல்லை. சாப்பிட்டீங்களா எண்டு கேக்கேலாது, சாப்பிட்டது தெரியும். யூ நோ? அதுக்குப் பிறகு அங்க ஒண்டுமே இல்லை. ஐ டிட்ன்ட் நோ தட்."

பின்வாசலில் இருந்த பெட்டியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவேண்டாம் என்று அவருடைய அப்பா என்னிடம் கேட்டிருந்தார். சொல்லவில்லை. "சும்மா கூப்பிடுங்க ஜூட். விஷயமே இல்லாம கூப்பிடுங்க" என்று மட்டும் சொன்னேன். "ஓம், செய்யவேணும்" என்றார். அவரை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள். முதல் கேள்விக்கு நேரே 'மிகவும் குறைந்துள்ளது' என்ற இடத்தில் குறியிட்டேன். அவர் சொன்ன மீதிக்கு அங்கே இடம் இல்லை. ஹெலனிடம் வாயால்தான் சொன்னேன். அவர் அதைத் திரும்ப ஒரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் என்ன என்று அன்று அவர் கேட்கவில்லை.

கருவிகளைக் கழற்றிக்கொண்டு வருவதற்காக மூன்றாவது தடவை போனேன். வெயில் காலம் தொடங்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரோடு ஒரு பையன் கூட வந்திருந்தான். அவனை அங்கிள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இது கழட்டாமல் விடேலாதோ, பிள்ளை?"

"நீங்க விரும்பினா வெச்சுக்கலாம் அங்கிள். மாசக் கட்டணம் வரும். ஆனா உங்களுக்கு இது பிடிக்கலைன்னு நெனச்சேன். எடுத்துட்டா அவர் பழையபடி கூப்பிடுவாரே?"

"கூப்பிடுவான்." அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்து பயந்து கூப்பிடுவான். அந்தப் பயம் நல்லதில்லை. கடலுக்குப் போன ஆக்களைப் பாத்துக்கொண்டு கரையில நிண்டவை எங்கட வீட்டில நிறையப் பேர். அது என்னெண்டு எனக்குத் தெரியும். அவனுக்கு அது வேண்டாம். பூட்டினது பூட்டினபடி இருக்கட்டும்."

பையனைக் காரில் போய் உட்காரச் சொன்னேன். மாதக் கட்டணத்துக்கு மாற்றும் வேலையைத் திரையில் நானே செய்துகொடுத்தேன். அதற்குள் அவர் தேநீர் போட்டுவிட்டார்.

திட்டம் விற்பனையானது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போயிற்று. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்குப் பிறகும் நிறையக் கதைகள் எழுதினேன். கார் தானாகவே மருத்துவரிடம் கூட்டிப்போகும் கதை, கடைக்குப் போகாமலே வீட்டுச் சாமான் நிறையும் கதை. எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். என் கதைகளில் எல்லோரும் எல்லோரையும் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்தார்கள். காரணம் இல்லாமல் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருமுறை வேண்டுமென்றே ஒரு கதையில் எழுதிப்பார்த்தேன்: 'அவள் அம்மாவைக் கூப்பிடுகிறாள். எதற்கு என்று தெரியாமல் கூப்பிடுகிறாள்.' ஹெலன் அதைச் சத்தமாக வாசித்தார். அதை அடிக்கவில்லை. "இதற்கு நாம் என்ன கட்டுவது, விஜயா?" என்று மட்டும் கேட்டார். நானே அதை எடுத்துவிட்டேன்.

நான் ஓய்வு பெற்று சில காலம் கழித்து ஜூட்டிடமிருந்து அழைப்பு வந்தது. அப்பா நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், சனிக்கிழமை கிரெய்கிபர்ன் தேவாலயத்தில் பூசை என்றார். அந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: அது கடைசிவரை ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் படுக்கையைவிட்டு எழாத காலையில் உடனே சொன்னது, ஆம்புலன்ஸ் உடனே போயிற்று. ஜூட் அன்றைக்கே விமானத்தில் வந்து கடைசிவரை பக்கத்திலேயே இருந்தார். மூச்சுக் குழாய் வைத்திருந்ததால் அப்பாவால் பேச முடியவில்லை.

பூசை முடிந்து, தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். ஜூட் எல்லோரிடமும் கைகொடுத்துக்கொண்டிருந்தவர், கூட்டம் குறைந்ததும் ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்பாவின் அதே தடித்த விரல்கள். அன்றுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன்.

"அப்பா உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், அக்கா. திருச்சிப் பிள்ளை வந்தவ, நல்லாக் கதைச்சனாங்கள் எண்டு." கொஞ்சம் தயங்கினார். "அவர் உங்களோட என்ன கதைச்சவர்?"

நான் நினைவுக்கு வந்ததைச் சொன்னேன். தொழிற்சாலையில் அவரோடு ஒரு கிரேக்கக்காரர் வேலை செய்தாராம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனால் வருடக்கணக்காக ஒன்றாகவே சாப்பிட்டார்களாம். அவர் ஆலிவ் காய் கொடுப்பாராம், இவர் வெங்காயத்தை வதக்கிச் செய்யும் சீனிச் சம்பல் கொடுப்பாராம். அந்த மனிதர் ஓய்வு பெற்ற அன்று இரண்டு பேரும் கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதார்களாம், ஏன் அழுகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல முடியாமலே.

"எனக்கு இது தெரியாது" என்றார் ஜூட். "அப்பா அழுதவரோ?"

"அப்படித்தான் சொன்னார்."

"வேற?"

ஜூட்டின் அம்மாவுக்கு மெல்பன் மழை பிடிக்காது, பெய்தால் பெய்ய வேண்டும், இதென்ன பிச்சை போடுகிற மாதிரி என்று திட்டுவாராம். அதைச் சொன்னேன். ஜூட் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அப்படித்தான் என்றார். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்.

"வேற என்ன சொன்னவர்?"

யோசித்துப் பார்த்தேன். மூன்று தடவை அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தடவையும் அவர் நான் போகும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தார். ஒரு தடவை நான் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை எழுத்தின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கட்டணத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். அவருடைய குரல் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏதோ ஒரு கடல், ஏதோ ஓர் இயந்திரம், ஜூட் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த ஏதோ ஒன்று. அது என்னவென்று மட்டும் வரவில்லை.

"நிறையச் சொன்னார், ஜூட்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, நான் மேலே சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.